பேர் சொல்லி வந்த ஆள்

தேவகுமாரியின் சந்தேகம் ரசத்தில்தான் ஆரம்பித்தது. மதுரையிலிருந்து வந்திறங்கிய ஒரு குடும்பம், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், "மலைப்பூண்டு ரசம் பிரமாதமா வைப்பீங்களாமே, இன்னைக்கு உண்டா?" என்று கேட்டது. தேவகுமாரியும் ரசம் வைக்கிறவள்தான். பூண்டும் தட்டிப் போடுகிறவள்தான். ஆனால் அவள் ரசத்தைக் கேட்டு மலையேறி வந்த ஆள் இதுவரை எவருமில்லை. ரசத்துக்குப் பேர் போனது பக்கத்து வீடு, கண்மணியின் வீடு.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். பிளம்ஸ் மரத்தில் ஊஞ்சல் கட்டியிருக்குமே, அது எங்கே என்று அந்தப் பெண் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிளம்ஸ் மரமும் கண்மணி வீட்டில்தான், ஊஞ்சலும் அங்கேதான். அதற்கடுத்து வந்தவர் ஒளிவு மறைவே இல்லாமல் வாசலிலேயே கேட்டுவிட்டார். "கண்மணி காட்டேஜ் இதுதானே?"

"இல்லீங்க. இது வெண்பனி காட்டேஜ். நீங்க போன் போட்டு ரூம் சொன்னது இங்கதான்."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "சரி, பரவால்ல. கம்ப்யூட்டர்ல பாத்தோம். இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று செருப்பைக் கழற்றினார்.

இதுவும்! தேவகுமாரிக்கு அந்த 'உம்' நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இத்தனை பேர் ஒரே பேரைச் சொல்லிக்கொண்டு வருவதென்றால் பின்னால் யாரோ இருந்து ஆட்டி வைக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டினாள். யார்? கண்மணிதான். ஆளை அனுப்பி நோட்டம் விடுகிறாள். நம் வீட்டில் என்ன சமையல், போர்வை துவைத்ததா, வெந்நீர் வருகிறதா என்று வேவு பார்க்கிறாள். இல்லாவிட்டால் தை பிறந்ததிலிருந்து அவள் ஏன் பேச்சை நிறுத்த வேண்டும்? வேலிக்கு மேலே கறிவேப்பிலையும் மோரும் கைமாறிக்கொண்டிருந்த வீடுகள் அவை. இப்போது கண்மணி துணி காயப்போடுவதுகூட முதுகைக் காட்டிக்கொண்டுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தேவகுமாரி கண்ணுக்குக் கொடியில் தொங்கிய பாவாடையெல்லாம் சதி.

தேவகுமாரி பெரும்பாறைக் காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பெற்றவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். புருஷன் ராஜ்மோகன், மலைமேலிருந்து கேரட்டும் பீன்ஸும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிறவன். நாயுடுபுரத்துச் சரிவில் நாலு அறை கட்டி, ஜன்னலுக்குப் பூத்துணி போட்டு, அவள் காட்டேஜ் நடத்த ஆரம்பித்தபோது ஊரில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. முதல் சீசனில் தன் வீடு நிரம்பி வழிந்தபோது, "இங்க இடமில்ல, பக்கத்துல நம்ம பொண்ணு வீடு இருக்கு" என்று ஆள் அனுப்பி வைத்தவள் கண்மணிதான். கண்மணி பழனி அடிவாரத்துக்காரி. பாதயாத்திரைக் கூட்டத்தை உட்காரவைத்துச் சோறு போட்ட குடும்பம். வந்த ஆள் முகம் பார்த்தே அவனுக்கு மோர் வேண்டுமா காப்பி வேண்டுமா என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவை வந்தவன் ஊருக்குப் போய்ப் பத்துப் பேரிடம் சொல்லுவான். அவளுக்கு விளம்பரமும் கிடையாது, வெப்சைட்டும் கிடையாது. பேர்தான் சொத்து.

வெப்சைட் போட்டது தேவகுமாரிதான். போன வருஷம், 2005-இல், சீசன் முடிந்த கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் யோகேஷிடம் போனாள். அவன் அப்போதே ஏழெட்டு ஓட்டல்களுக்கு அந்த வேலை செய்து கொடுத்திருந்தான்.

"அக்கா, இப்பல்லாம் ஜனங்க பஸ்ஸ விட்டு எறங்குறதுக்கு முன்னாடியே கூகுள்ல வந்து எறங்கிடுறாங்க" என்று சொல்லி, திரையைத் திருப்பிக் காட்டினான். ஜனங்கள் எந்த வார்த்தையை எத்தனை தரம் தேடுகிறார்கள் என்று சொல்லுவதற்கு ஒரு கருவி இருந்தது. அந்த வார்த்தையைத் தலைப்பில் வைக்க வேண்டும், படத்துக்குப் பேராகவும் வைக்க வேண்டும். அப்புறம் நாலு நல்ல டூரிஸ்ட் பக்கங்களிலிருந்து நம் பக்கத்துக்கு இணைப்பு வாங்க வேண்டும். இணைப்பு ஏற ஏற நம் மதிப்பு ஏறும், அதை ஒரு பச்சைக் கோடு நீண்டு காட்டும். "முதல் பக்கத்துல வந்துட்டோம்னா போதும்க்கா. ரெண்டாவது பக்கத்தை எவனும் பாக்க மாட்டான்."

தேவகுமாரிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. முதல் பக்கம் என்பது பஸ் வாசல். ஆள் இறங்கும்போது முகத்துக்கு நேரே நிற்கிற இடம். அங்கே நிற்க எத்தனை முண்டியடிக்க வேண்டும் என்று அவளுக்கா தெரியாது? "செய்யி தம்பி" என்றாள். சீசன் அலுப்பில் இன்னும் என்னென்னவோ வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தாள். வெண்பனி முதல் பக்கத்துக்கு வந்தது. வாரம் ஒரு தரம் போய்த் தன் வீட்டுப் படத்தைத் திரையில் பார்த்து மகிழ்வாள். படத்துக்குக் கீழே பக்கம் வெறும் வெள்ளையாக நீண்டு கிடக்கும். வீட்டுப் பேருக்குப் பொருத்தமாகப் பனி போல விட்டிருக்கிறான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

மாசி மாதம் ஒரு காலையில் பெரியண்ணன் வந்தார். பஸ் ஸ்டாண்டு கைடுகளுக்கெல்லாம் மூத்தவர். காதில் மப்ளர், கையில் குடை, முகத்தில் சிரிப்பில்லை.

"தேவகுமாரி, உம்மேல ஒரு பிராது வந்திருக்கு தாயி."

"என்னா பிராதுங்க?"

"கண்மணி வீட்டுக்குன்னு பேர் சொல்லிக் கெளம்புன ஆளுக, உன் வீட்டுல எறங்குறாகளாம். போன மாசத்துல மட்டும் அவளுக்குத் தெரிஞ்ச குடும்பமே மூணு. நீ ஆள் வச்சு இழுக்குறியா?"

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பேரில்லாமல் வந்து நிற்கிற ஆளை யாரும் கூப்பிடலாம், கையைப் பிடிக்காத குறையாக இழுக்கலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆனால் இன்ன வீடு என்று பேர் சொல்லி வந்த ஆளைத் தொடக்கூடாது. எதிரி வீடானாலும் சரி, வழி காட்டி அனுப்ப வேண்டும். அதை மீறினால் அந்த வீட்டுக்கு ஒரு கைடும் ஆள் கொண்டுவர மாட்டான், ஒரு டாக்சியும் அந்த வாசலில் நிற்காது. சித்திரை, வைகாசிச் சீசனில் அப்படி ஆனால் வருஷம் முழுக்க அடுப்பில் பூனை உறங்க வேண்டியதுதான்.

"நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் எட்டிப் பாத்தே எவ்வளவு நாளாச்சு! அவதான் என் வீட்டுக்கு ஆள் அனுப்பி வேவு பாக்குறா. இப்ப பிராது வேறயா?" தேவகுமாரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "பூம்பாறைக் கோயில்ல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்றேன். பேர் சொல்லி வந்த ஒரு ஆளைக்கூட நான் இழுக்கல. போதுமா?"

பெரியண்ணன் அவளை உற்றுப் பார்த்தார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்கிற சத்தியத்துக்கு மேல் அந்த மலையில் விசாரணை கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது. "சரி. வெள்ளிக்கெழமை வெள்ளனே ஜீப்பு வரும்" என்று குடையை விரித்துக்கொண்டு போனார்.

மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று அவள் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் உள்ளே புகுந்துவிட்டால் வேலியோடு நிற்குமா, வீட்டுக்குள்ளும் வந்தது. சாயங்காலம் வந்த ராஜ்மோகனைச் சோற்றுத் தட்டோடு பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒட்டன்சத்திரத்துலயிருந்து வர்ற வழியில யாரையாச்சும் கூட்டிட்டு வந்து விடுறீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"அடியே, நான் கேரட் ஏத்துறவன். ஆள ஏத்துறவனில்ல."

"பெறகு எப்படி வர்றாங்க?"

"உன் வீட்டுக்கு வர்ற ஆளு. என்னயக் கேக்குற" என்று அவன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டான். அவள் அவனுடைய சட்டைப் பையையும் ஒரு தரம் துழாவிப் பார்த்தாள். பீன்ஸ் காம்புதான் கிடந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் யோகேஷ் கடைக்குப் போனாள். தன் பக்கத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு போய்ப் பெரியண்ணனிடம் காட்ட வேண்டும். "பாருங்க, இதுல எங்கயாச்சும் கண்மணி பேரு இருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். யோகேஷ் வேறு ஒரு ஆளுக்கு ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். "எந்த இடம் பிரிண்ட் வேணுமோ, அதை மவுஸால இழுத்துக் காட்டுங்கக்கா, வர்றேன்" என்றான்.

அவள் மவுஸை அழுத்தி மேலிருந்து கீழே இழுத்தாள். வீட்டுப் படம் நீலமாயிற்று. முகவரி நீலமாயிற்று. கை பழக்கமில்லாததால் நிறுத்தத் தெரியாமல் இன்னும் கீழே, அந்த வெறும் வெள்ளை இடத்திலும் இழுத்துக்கொண்டே போனாள்.

அங்கே எழுத்து இருந்தது.

நீலப் பட்டையின்மேல் வெள்ளை வெளேரென்று வரி வரியாக எழுத்து. இங்கிலீஷிலும் இருந்தது, தமிழிலும் இருந்தது. கண்மணி காட்டேஜ் கொடைக்கானல். கண்மணி காட்டேஜ் போன் நம்பர். கண்மணி வீடு பூண்டு ரசம். கண்மணி காட்டேஜ் ஊஞ்சல். திரும்பவும் கண்மணி. திரும்பத் திரும்பக் கண்மணி. கையை எடுத்து வேறிடத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். எல்லாம் மறைந்து பழையபடி பனி. மறுபடி இழுத்தாள். மறுபடி கண்மணி.

"ஏய் யோகேஷு, இங்க வா."

எட்டிப் பார்த்த யோகேஷ் பதறினான். "ஐயோ அக்கா, அத ஏன் இழுத்தீங்க? அது மனுசங்க பாக்குறதுக்கில்ல."

"யாரு பாக்குறதுக்கு?"

"கூகுள் பாக்குறதுக்கு. வெள்ளைப் பக்கத்துல வெள்ளை எழுத்து. நமக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். அந்த அக்காவுக்கு வெப்சைட் கெடையாதுல்ல? அவங்க பேரைக் கேள்விப்பட்டுத் தேடுற ஆளுக்கு நம்ம பக்கம் முதல்ல வந்து நிக்கும். வந்தவங்க நம்ம படத்தைப் பாப்பாங்க, போன் போடுவாங்க. டெக்னிக் அக்கா. கூகுள்காரன் கண்டுபிடிச்சா மொத்தமா தூக்கிருவான், அதுவரைக்கும் ஓடும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதை டெக்னிக் என்கிறான். ரசமும் ஊஞ்சலும் எப்படி வந்தன என்று இப்போது அவளுக்கு விளங்கியது. பேர் சொல்லி வந்த ஆளை வாசலிலேயே மடக்கியிருக்கிறோம். பஸ் வாசலில்கூட இல்லை. அவன் சென்னையில் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே.

"ஒன்னய யார்றா இப்படிச் செய்யச் சொன்னா?" அவள் குரல் உயர்ந்ததில் டிக்கெட் பார்க்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

யோகேஷ் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "நீங்கதானேக்கா."

"நானா?"

"இந்தச் சேர்லதான் உக்காந்திருந்தீங்க, டீ குடிச்சிக்கிட்டு. கண்மணி வீட்டு வாசல்ல போற கூட்டத்துல பாதியாச்சும் என் வாசலுக்குத் திரும்பணும் தம்பி, என்னா செய்வியோ எனக்குத் தெரியாது, செய்யின்னீங்க."

அவள் மறுக்க வாயெடுத்தாள். சொன்னாள்தான். அந்தச் சீசனில் கண்மணி வீட்டு வாசலில் கார் நிறுத்த இடமில்லாமல் கிடந்ததை நாள்தோறும் ஜன்னல் வழியாகப் பார்த்த வயிற்றெரிச்சல், டீயோடு சேர்ந்து வெளியே வந்திருந்தது. அதே டீயோடு மறந்தும் போயிருந்தது. இத்தனை நாள் அடுத்தவள் கொடியில் சதியைத் தேடியவளுக்குத் தன் முதுகு தெரியவில்லை. அவமானத்தில் காது மடல் சுட்டது.

"நாளைக்குச் சத்தியம்னு பெரியண்ணன் சொன்னாரு" என்று யோகேஷ் குரலைத் தாழ்த்தினான். "தாராளமாப் பண்ணுங்கக்கா. நீங்க கையால இழுத்தீங்களா? வாயால கூப்பிட்டீங்களா? இல்லல்ல. சாமிக்கு கூகுள் பத்தி என்ன தெரியும்?"

"அழிடா அத."

"அக்கா, சீசன் வர்ற நேரம். அந்தப் பேர்லதான் பாதி ஆளு வருது. எடுத்தா நீங்க கீழ போயிருவீங்க."

"அழிங்கிறேன்."

அவன் அழித்தான். அவளே இழுத்துப் பார்த்தாள். நீலம் மட்டுமே இருந்தது. வெளியே வந்து படியிறங்கும்போது புத்தி இன்னொரு கணக்குப் போட்டது. இப்போது பக்கம் சுத்தம். தடயமே கிடையாது. யோகேஷ் தன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு வெளியே சொல்ல மாட்டான். சூடத்தின்மேல் ஒரு அடி, முடிந்தது சோலி. சீசனும் தப்பும். அந்தக் கணக்கு வீடு வரைக்கும் கூடவே வந்தது. பொழுது விடிந்து ஜீப்பிலும் ஏறி உட்கார்ந்தது.

பூம்பாறைக் கோயில் வாசலில் பூண்டுப் பாத்திகள் மேல் வெயில் அப்போதுதான் விழுந்திருந்தது. கைடுகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கண்மணி தன் புருஷன் குமாரவேலோடு ஒரு ஓரமாக நின்றாள். தேவகுமாரியை அவள் நேராகப் பார்க்கவில்லை. பெரியண்ணன் தட்டில் சூடத்தை ஏற்றி நீட்டினார். "சொல்லு தாயி. பேர் சொல்லி வந்த ஆளை நான் இழுக்கலன்னு சொல்லி அணை."

தேவகுமாரி கையைத் தூக்கினாள். சூடத்தின் சூடு உள்ளங்கையில் ஏறியது. கப்பலில் பிள்ளைகளோடு வந்து, ஒன்றுமில்லாமல் இறங்கி, அடுத்தவர் சொத்தில் கை வைக்காமல் பிழைத்த தன் அப்பன் ஆத்தாளை நினைத்தாள். ராஜ்மோகனை நினைத்தாள். கை கீழே இறங்க மறுத்தது.

"நான் இழுத்தேன்" என்றாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வெப்சைட், வெள்ளை எழுத்து, யோகேஷிடம் தான் சொன்ன பேச்சு, நேற்று அழித்தது, ஒன்றுவிடாமல். சொல்லி முடிப்பதற்குள் சூடம் தானாகவே எரிந்து அணைந்துவிட்டது.

"வெள்ளையில வெள்ளையா எழுதுனா எவன் தாயி படிப்பான்?" என்று ஒரு கைடு சிரித்தான். "சாமிக்குப் பயந்து கதை கட்டுது." பெரியண்ணன் சிரிக்கவில்லை. கதை எதுவானாலும் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான் என்றார். வருகிற சீசன் முடிகிற வரைக்கும் வெண்பனி வாசலில் வண்டி நிற்காது, கைடு வரமாட்டான். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும், தேவகுமாரி தலையாட்டினாள்.

அப்போதுதான் கண்மணி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அழிச்சிட்டேங்குற. கண்ணுக்குத் தெரியாத எழுத்து அது. அழிச்சியா, இன்னும் இருக்கான்னு நான் எப்படி நம்புறது?"

தேவகுமாரி ஜீப்பைக் காட்டினாள். "வா, காட்டுறேன்" என்றாள்.

ஜீப் நேரே பிரவுசிங் சென்டர் வாசலில் நின்றது. கண்மணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, யோகேஷ் காட்டியபடி மவுஸை அழுத்தி இழுத்தாள். நீலம். ஒன்றுமில்லை. "இன்னொரு தடவ" என்று தானே சொல்லிக்கொண்டு மேலிருந்து இழுத்தாள். ஓரம், மூலை எல்லாம் இழுத்தாள். பிறகு யோகேஷிடம் திரும்பினாள். "இப்ப எவனாச்சும் எம் பேரைத் தேடுனா என்ன வரும்?"

யோகேஷ் தேடிக் காட்டினான். முதலில் வெண்பனியின் பக்கமே வந்தது, அதற்குக் கீழே எங்கோ கேரளத்தில் கண்மணி என்ற துணிக்கடை. "கூகுளுக்கு இன்னும் பழசுதான் தெரியுது. நாள் ஆக ஆக நம்ம பக்கமும் வராதுக்கா. உங்க பேர்ல ஒண்ணுமே இருக்காது."

கண்மணியின் முகம் விழுந்ததைத் தேவகுமாரி பார்த்தாள். "யோகேஷு, அந்த வெள்ளை எடத்துல எழுது. கறுப்புல எழுது. பெருசா எழுது. பூண்டு ரசமும் ஊஞ்சலும் வேணும்னா பக்கத்து வீடு, கண்மணி காட்டேஜ். அவ போன் நம்பரையும் போடு."

யோகேஷ் எழுதினான். கண்மணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். நம்பரை ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துச் சரி பார்த்தாள். பிறகு தேவகுமாரியை மேலும் கீழும் பார்த்தாள். "இதுல ஒனக்கு என்ன லாவம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம எவ செய்வா?" கண்மணி மறுபடி மவுஸைப் பிடித்தாள். அந்தக் கறுப்பு எழுத்துக்குக் கீழே மிச்சமிருந்த வெள்ளையை மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். "நாளைக்கும் வந்து பாப்பேன்."

"வா. கரண்ட் போறதுக்குள்ள வெள்ளனே வா" என்றாள் தேவகுமாரி.

சீசன் வந்தது. வெண்பனி வாசலில் வண்டி நிற்கவில்லை. நாலு அறையில் ஒன்றுகூடச் சில நாள் நிரம்பவில்லை. பக்கத்து வீட்டில் காருக்கு இடமில்லை. ஆனால் தினமும் காலையில் பந்தி முடிந்ததும் கண்மணி வேலியோரம் வந்து நின்று, "என்ன, கம்ப்யூட்டர் பாக்கக் கெளம்பிட்டியா?" என்று குரல் கொடுப்பாள். சந்தேகத்தில்தான் கூப்பிடுகிறாள் என்று தேவகுமாரிக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் குரல் கேட்டதும் அடுப்பைத் தணித்து, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெரசாகக் கிளம்புவாள்.